ஆங்கி செயலியும் மோட்டார் கையேடும்: இடைநிலை ஆங்கிலச் சொற்கள் படித்த அனுபவம்

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு போகலாம். ஆங்கி (Anki), கேள்வி-விடைக் கார்டுகளை வைத்துச் சொற்களை நினைவில் நிறுத்த உதவும் நல்ல செயலி, ஆண்ட்ராய்டில் காசும் கேட்காது. ஆனால் யாரோ தயாரித்து வைத்த சொற்பட்டியலை அதில் இறக்கிப் படித்தால் பாதி உழைப்பு வீண். நாம் அன்றாடம் எங்கெல்லாம் ஆங்கிலத்தில் முட்டி நிற்கிறோமோ, அங்கிருந்து சொல்லை எடுத்து நாமே கார்டு போட வேண்டும். 2021-ல் ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை.

எனக்குக் கும்பகோணத்தில் ஒரு மோட்டார் பம்பு, வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலை. கணக்கும் சர்வீஸ் பதிவும் என் பொறுப்பு. வீடு பாபநாசம் பக்கம். படித்தது முழுக்கத் தமிழ்வழி. கம்பெனியிலிருந்து வரும் மெயிலைப் படித்தால் மொத்தமாக அர்த்தம் தெரியும். ஆனால் பழுதான பொருளுக்குப் புதிதாகத் தருவார்களா, மாட்டார்களா என்கிற இடத்தில் மட்டும் சந்தேகம் வந்து நிற்கும். அங்கேதான் காசே இருக்கிறது! ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல், மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. நடுவில் இருக்கும் பி1, பி2 இரண்டும்தான் இடைநிலை. என்னைப் போல் டிகிரி முடித்தும் ஒரு மெயில் எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறோம்.

தெரியாதவர்களுக்காக ஆங்கியைப் பற்றிச் சுருக்கமாக. கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்த்தபின் அகெய்ன், ஹார்டு, குட், ஈஸி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். நினைவிருந்தால் அந்தக் கார்டு சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம், அப்புறம் மாதக்கணக்கில் தள்ளிப் போகும். மறந்துவிட்டால் சீக்கிரமே திரும்பி வரும். இந்தச் செயலி டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-ல் வெளியிட்டது. இந்த இடைவெளிக் கணக்கு, போலந்துக்காரரான பியோத்தர் வோஸ்னியாக் 1987-ல் சூப்பர்மெமோ என்ற தன்னுடைய மென்பொருளுக்கு எழுதிய எஸ்எம்-2 முறையை ஒட்டியது. 2023 இறுதியில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதுக் கணக்கும் சேர்ந்தது. நாம் முன்பு அழுத்திய பொத்தான்களை வைத்தே நம் மறதியை அது கணிக்கிறது. அதற்கு மாறியபின் எனக்கு ஒரு நாளைக்கு வரும் கார்டுகள் கொஞ்சம் குறைந்தன. ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. இதே பெயரை ஒட்டி வேறு சில செயலிகளும் உலவுகின்றன, மாதச் சந்தா கேட்டால் நீங்கள் வேறு எதையோ இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆண்ட்ராய்டுக்கு ஆங்கிட்ராய்டு என்று தேட வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஒரு ரெடிமேட் தொகுப்பைத்தான் இறக்கினேன். தொழில்நுட்பம், சாதனை, அன்றாட வாழ்க்கை என்று தலைப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மூன்று மாதம் போனபின் கார்டைப் பார்த்தால் விடை வரும், மெயிலில் அதே சொல்லைப் பார்த்தால் வராது. மறதியை முதன்முதலில் அளந்து 1885-ல் புத்தகம் போட்ட ஜெர்மானியர் எபிங்ஹாஸ், அதற்காக அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார். அந்த ரெடிமேட் தொகுப்பின் பாதிச் சொற்கள் எனக்கு அந்த அசைகளைப் போலத்தான் இருந்தன.

சொற்பட்டியலே தப்பு என்று சொல்லவில்லை. எந்தச் சொல் முக்கியம் என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர், வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்கச் சொல்லிக்கொடுப்பதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டவர். 1953-ல் அவர் வெளியிட்ட, சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியல் ரொம்ப காலம் கோலோச்சியது. அதில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே கிடையாது. 2013-ல் வந்த புதிய பட்டியலில் சுமார் 2,800 சொற்கள். நான் இதை எதற்குப் பயன்படுத்துகிறேன் என்றால், கடையில் ஒரு சொல்லைப் பார்த்ததும் அது பட்டியலில் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் கார்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

தொழில்நுட்பச் சொற்களில் எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம், பொருள்களின் பெயர்கள் ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான். ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், காயில், ஃபேஸ் எல்லாம் வயல்காட்டிலேயே புழங்குகிற சொற்கள். போன வருடம் ஒரு பெரியவர் போர் மோட்டார் பேனலை போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, பொட்டியில ட்ரை ரன்னுன்னு எழுத்து வருது, மோட்டார் ஓட மாட்டேங்குது.”

“தண்ணி கீழ எறங்கிருச்சுங்க ஐயா. வெறுமனே ஓடி காயில் கருகிடக் கூடாதுன்னு அதுவா நிறுத்திக்குது.”

இதற்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கையேட்டில் இருக்கும் மற்ற சொற்களுக்கு. என்ஷ்யூர், பிரயர் டு, எக்ஸீடு, அன்லெஸ், அதர்வைஸ், அப்ராக்ஸிமேட்லி, ரெஸ்டோர். பார்த்தால் எதிலும் மின்சார வாடை இல்லை. ஆனால் இவைதான் வாக்கியத்தைப் பிடித்து நிறுத்துகிற ஆணிகள். மூடி சரியாக மூடியிருந்தால் ஒழிய இயக்காதே என்ற எச்சரிக்கையில் அந்த அன்லெஸ் புரியாவிட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். வாரண்டி அட்டையில் வாங்குபவரைக் கவிழ்ப்பதும் இதே வகைச் சொற்கள்தான்: ப்ரோவைடட், எக்ஸெப்ட், வாய்ட். அதனால் மிக்சி, கிரைண்டர், பம்பு, இன்வெர்ட்டர் என்று கடையில் இருந்த கையேடுகளை எல்லாம் வைத்து, முழு வாக்கியத்தையும் கார்டில் போட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் மறைத்து வைத்தேன். ஆங்கியில் இதற்கு க்ளோஸ் (cloze) என்ற கார்டு வகை இருக்கிறது. மொத்த நாலு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது இந்த வகைதான். இப்போது கையேட்டை அகராதி இல்லாமல் படிக்கிறேன், வாடிக்கையாளருக்கு வாரண்டி ஷரத்தைத் தமிழில் சொல்லும்போது குரலில் தடுமாற்றம் இல்லை.

சாதனை பற்றிய சொற்கள் வேறு மாதிரிப் படுத்தின. நம் பேச்சில் வாங்கு என்கிற ஒரே சொல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும். பரிசு வாங்கினான், நல்ல மார்க் வாங்கினான், பட்டம் வாங்கினான், திட்டும் வாங்கினான். ஆங்கிலத்தில் பரிசுக்கு வின், மார்க்குக்கு ஸ்கோர் அல்லது கெட், பட்டத்துக்கு ஏர்ன், அனுபவத்துக்கு கெய்ன். டீலர் மீட்டிங் முடிந்து வரும் மெயிலில் இன்னும் இருக்கிறது: டார்கெட்டை மீட் செய்ய வேண்டும், ப்ராக்ரெஸ் என்றால் மேக், தடை என்றால் ஓவர்கம். தனிச் சொல்லாகக் கார்டு போட்டால் பத்துச் சொல்லும் சாதிப்பது, பெறுவது என்ற இரண்டு அர்த்தத்தில் வந்து விழும், எதை எங்கே போடுவது என்று தெரியாது. ஜோடியாகத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படித்தும் இந்தத் தலைப்பில் என் மறதி இன்னும் அதிகம். வருடத்துக்கு ஒருமுறைதானே பாராட்டு மெயில் வருகிறது!

அன்றாட வாழ்க்கைத் தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டியல்களில் இருக்கும் அன்றாடம் நம் அன்றாடம் இல்லை. மார்ட்கேஜ், லாண்ட்ரி, கம்யூட், லெஃப்ட்ஓவர்ஸ் என்று வரும். நாற்றங்கால், வாய்க்கால், கொள்முதல் நிலையம் எதுவும் வராது. அந்தச் சொற்களைத் தேடித்தான் ஆங்கிலப் பேப்பரின் டெல்டா செய்திகளைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு வசதி இருக்கிறது. காவிரிச் செய்திகள் வருடா வருடம் அதே மாதத்தில் அதே சொற்களோடு திரும்பி வரும். பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாளான ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் அணை. ஸ்டோரேஜ், இன்ஃப்ளோ, டிஸ்சார்ஜ், ரிலீஸ், ஸ்லூஸ். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, இந்த இரண்டு எண்ணும் மாறாது, இன்றைய நீர்மட்டம் மட்டும் மாறும். 2022-ல் மே 24-ம் தேதியே அணையைத் திறந்தார்கள், அஹெட் ஆஃப் என்ற சேர்க்கை அந்த வாரத்தில் எத்தனையோ தடவை கண்ணில் பட்டது. 2024-ல் திறப்பு ஜூலை கடைசி வரை போனது, டிலே, டிஃபர், அவெய்ட் எல்லாம் அப்போது சேர்ந்தவை. தண்ணீர் வந்தபிறகு கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி வரும், டெய்ல் எண்ட் என்ற சொல் அதிலிருந்து. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய்விடும், விதியைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும், மாய்ஸ்சர், நார்ம்ஸ், ரிலாக்ஸேஷன், ப்ரொக்யூர்மெண்ட் என்று ஒரு கூட்டமே வரும். குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் ஆங்கிலப் பேப்பரிலும் அப்படியே எழுதுகிறார்கள் என்பதால் செய்தியில் பாதி நமக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்கும்போது தெரியாத சொல் தானாக அர்த்தம் காட்டிவிடுகிறது. இந்தக் கார்டுகளில் நான் அகெய்ன் அழுத்துவது ரொம்ப அபூர்வம்.

லாண்ட்ரி வகைச் சொற்களும் கடைசியில் உயிர் பெற்றன, அதற்குக் காரணம் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அக்கா மகள் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பேசுவாள். அவளோடு பேசிய பிறகுதான் ஆங்கியின் எல்லை எனக்குத் தெரிந்தது. கார்டில் ஒரே நொடியில் வரும் சொல், வாயில் வர ஐந்து நொடி ஆகிறது. “மாமா, நீங்க மிஷின் புக் மாதிரி பேசுறீங்க” என்று அவள் சிரித்தாள். உண்மைதான், யாரிடமும் ப்ளீஸ் என்ஷ்யூர் என்று பேச்சில் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது. பேச்சுக்கு ஆங்கி உதவாது, அதற்கு ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி 1869-ல் பிறந்தது எங்களுக்குப் பக்கத்து வலங்கைமானில்தான், கும்பகோணத்தில்தான் படித்தார். அந்த ஊர்க் காற்று ஒன்றும் நமக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

உச்சரிப்புக்கு ஒரு சின்ன உதவி உண்டு. போனிலேயே இருக்கும் குரல் வசதியைக் கார்டோடு இணைத்துவிட்டால் ஆங்கி சொல்லை வாசித்துக் காட்டும். இதைப் போட்ட பிறகு கார்டுகளைப் பஸ்ஸிலும் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். நெட் இல்லாமலும் ஓடும் என்பதால் வழியில் சிக்னல் போனாலும் கவலையில்லை.

அமைப்புகளில் தொடுவதற்கு அதிகம் இல்லை. ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று செயலியிலேயே போட்டு வைத்திருப்பார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அதிகம். ஐந்தாறு போதும். புதுசு இன்று 20 என்றால் அடுத்த வாரம் திரும்பி வருவதும் ஏறும், தீபாவளி விற்பனை நேரத்தில் நாலு நாள் திறக்காமல் விட்டால் குவிந்து கிடக்கும். அந்த மாதிரி நேரத்தில் புதுசைப் பூஜ்யமாக வைத்துவிட்டு பழையதை மட்டும் பார்ப்பேன். எட்டுத் தடவை மறந்த கார்டுக்கு ஆங்கி தானே அடையாளம் போடும், அமைப்பில் சொல்லியிருந்தால் ஓரங்கட்டியும் விடும், அதற்கு லீச் (அட்டைப்பூச்சி) என்று பெயர். சேற்றில் இறங்கி நடவு நட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாத பெயர். அப்படி ஒதுங்கியதைத் திரும்பக் கூப்பிடாமல், அந்தச் சொல்லுக்கு வேறு வாக்கியம் கிடைக்கும் வரை விட்டுவிடுவது நல்லது.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், மூன்று மாதத்தில் வங்கித் தேர்வு என்று வருபவர்களுக்கு. அவர்களுக்குப் பழைய வினாத்தாள்தான் சரி. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களே கார்டு போடும்படி விடுங்கள், நீங்கள் போட்டுக்கொடுத்தால் அது இன்னொரு ரெடிமேட் தொகுப்பாகிவிடும். கடைக்குப் புதிதாக வந்த பையன் என் தொகுப்பைக் கேட்டான். கொடுத்தேன், அதில் மோட்டார் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டான். கெட்டிக்காரன்.

இன்னொன்று: மாதம் ஒருமுறை தொகுப்பை எக்ஸ்போர்ட் செய்து மெயிலிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு வையுங்கள். ஆங்கியின் இணையச் சேமிப்பான ஆங்கிவெப் கணக்கு இலவசம்தான், அதில் ஒத்திசைத்தாலும் தனிப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். போன் வயல் வரப்பில் தண்ணீரில் விழுவது நம் பக்கம் சாதாரணமாக நடப்பதுதான்.