நெருக்கத்தை அளக்க எது உதவும்: சேர்ந்திருப்பு விகிதமா, கூட்டுக் குறியீடா?

இரண்டு குரங்குகள் எப்போதும் ஒரே மரத்தடியில் இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து அவற்றை நெருக்கமானவை என்று சொல்லிவிட முடியாது. நிழல் அங்கே இருப்பதால்கூட இரண்டும் வந்திருக்கும். அதனால் பக்கத்தில் நின்று பார்க்க விடும் விலங்கு என்றால் என் தேர்வு, பேன் பார்த்தல், அருகிருப்பு போன்ற பல செயல்களை ஒரே எண்ணாக்கும் கூட்டுக் குறியீடுதான். முதுகுத் துடுப்பைப் படம் பிடித்து அடையாளம் காணும் டால்ஃபினுக்குத்தான், இரண்டையும் பார்த்தவற்றில் எத்தனை முறை சேர்ந்திருந்தன என்று கணக்கிடும் சேர்ந்திருப்பு விகிதம் பொருந்தும்.

விகிதக் கணக்கு சுலபம். சேர்ந்து பார்த்தது 12 முறை, முதலாவதை மட்டும் 6, இரண்டாவதை மட்டும் 10, இரண்டும் ஒரே சமயம் வெவ்வேறு கூட்டங்களில் 2. எளிய விகிதம் 12/30, அதாவது 0.40. தனியாகப் பார்த்தவற்றைப் பாதியாக எண்ணும் அரை எடை விகிதம் 12/22, அதாவது 0.55. கூட்டத்தில் சில விலங்குகள் அடையாளம் தெரியாமல் தப்பும்போது இரண்டாவது கைகொடுக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

கூட்டுக் குறியீட்டில், பேன் பார்க்கும் நேரம், அருகில் இருக்கும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குழுவின் சராசரியால் வகுத்து, பிறகு இரண்டுக்கும் சராசரி எடுக்கிறோம். மணிக்கு 2 நிமிடம் பேன் பார்க்கிறது ஒரு ஜோடி, குழுச் சராசரி 0.5 என்றால் 4. அருகிருப்பு 9, சராசரி 6 என்றால் 1.5. குறியீடு 2.75. பேன் பார்க்கும் நேரம் அருகிருப்பிலும் விழும். அதைக் கழிக்காவிட்டால் ஒரே செயலை இருமுறை எண்ணியதாகிவிடும். எந்தக் குழுவிலும் குறியீட்டின் சராசரி எப்போதும் 1 என்பதால் ஒரு குழுவின் எண்ணை இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் முடியாது. கென்யாவின் அம்போசெலி பபூன் குரங்குகளில், அதிகம் கூடிப் பழகிய பெண்களின் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன என்று 2003-ல் ஜோன் சில்க், சூசன் ஆல்பர்ட்ஸ், ஜீன் ஆல்ட்மன் காட்டியதும் பேன் பார்த்தல், அருகிருப்பு போன்ற பதிவுகளை வைத்துத்தான்.

ஆனால் எந்த முறையானாலும் கவிழ்ப்பது பார்த்த நேரம்தான். 30 விலங்குகள் என்றால் 435 ஜோடிகள். ஒவ்வொரு விலங்கையும் 10 மணி நேரம் பின்தொடர்ந்தால் மொத்தம் 300 மணி நேரம். ஒரு ஜோடிக்குக் கிடைப்பதோ இரண்டின் நேரமும் சேர்ந்து 20. ஒவ்வொன்றுக்கும் 1 மணி நேரமே ஒதுக்கினால் ஜோடிக்கு 2 மணி நேரம். அதற்குள் தற்செயலாக ஒரே ஒருமுறை 10 நிமிடம் பேன் பார்த்துவிட்டால் மணிக்கு 5 நிமிடம், அதாவது சராசரியைப் போல் 10 மடங்கு! அன்று ஒரு நாள் நடந்தது ஆயுள்கால நட்பாகப் பதிவாகிவிடும். விகிதத்திலும் இதே ஆபத்து உண்டு: 2-ல் 1, 100-ல் 50, இரண்டுமே 0.50தான். ஆனால் முன்னதன் 95% எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, ஏறக்குறைய 0.09 முதல் 0.91 வரை, பின்னது 0.40 முதல் 0.60 வரை.

அதனால் எந்த விலங்கை எப்போது பார்ப்பது என்ற வரிசையையும் நேரத்தையும் குலைத்துப் போட்டு, 10 நிமிடத் துண்டுகளாகக் கவனியுங்கள். பிறகு ஒற்றைப்படை நாட்களுக்கும் இரட்டைப்படை நாட்களுக்கும் தனித்தனியே குறியீடு போடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஜோடி வாரியான எண்ணை நம்ப வேண்டாம். நடுவில் பிறந்த குட்டிக்கு அது இருந்த நாட்களை மட்டுமே வகுக்கும் எண்ணில் சேர்க்க வேண்டும்.

விலங்குகளுக்கு இடையிலான தூரத்தைச் சிக்னல் மூலம் கணிக்கும் கழுத்துப்பட்டைக் கருவிகள் இரவிலும் பதிவு செய்யும். ஆனால் உடல் மறைத்தால் சிக்னல் குறையும். ஒவ்வொரு கருவியையும் தெரிந்த தூரத்தில் வைத்துச் சோதிக்காமல் மாட்டக் கூடாது. தூரம் கிடைக்கும்; யார் யாருக்குப் பேன் பார்த்தது என்பது கிடைக்காது. அதைக் கண்ணால் பார்த்து எழுதும்போதும் கொடுத்தது, வாங்கியது என இரண்டு பத்திகளாக வையுங்கள். 9 நிமிடம் கொடுத்து 1 நிமிடம் வாங்கிய ஜோடியும், ஐந்துக்கு ஐந்து என்றிருக்கும் ஜோடியும் குறியீட்டில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.