தினமும் காலையில் ஒரு எண்: ஓட்டக் கடிகாரத்தோடு இரண்டரை வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிகாரத்தை நான் எச்ஆர்வி என்ற இதயத்துடிப்பு எண்ணைப் பார்க்க வாங்கவில்லை. மூக்கனேரிப் பக்கம் எங்களோடு ஓடுகிற நண்பர் ஒருவர் ஓட்டம் முடிந்ததும் மணிக்கட்டைத் திருப்பி, கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டுவார். எனக்கும் அப்படித் தலையாட்ட ஆசை, அவ்வளவுதான். 23,000 ரூபாய். "ஏங்க, நாடி பார்க்கிறதுக்கு இத்தனை ரூபாயா?" என்று மனைவி கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

வயது 44. செவ்வாப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. ஐந்து வருடமாக ஓடுகிறேன், எந்தப் பந்தயத்திலும் பரிசு வாங்கியது கிடையாது, ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே ஓடுவது மட்டும் பிடிக்கும். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1,500ஐத் தொடும், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முழுதும் ஒரே மூச்சில் ஏறியது இதுவரை இரண்டு முறைதான், வழக்கமாக எட்டாவது வளைவு வரை போய்த் திரும்பிவிடுவேன்.

எச்ஆர்வி என்றால் இதயத்துடிப்பின் மாறுபாடு. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்று, டிக் டிக் என்று அளந்து அடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 960 மில்லிநொடி இருக்கும், அதற்கடுத்து 1,030, அப்புறம் 985, இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைகிறது, விடும்போது தணிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு, மூளையிலிருந்து இறங்கி வந்து இதயத்தைத் தணிக்கிற வேகஸ் நரம்புக்கு. உடம்பு இளைப்பாறும்போது அதன் கை ஓங்கும், மாறுபாடு கூடும். களைப்பு, காய்ச்சல், கவலை, குடி எதுவாக இருந்தாலும் குறையும். வயது ஏற ஏறவும் குறையும். சீராக அடிக்கிற இதயம்தான் நல்லது என்று நம் வாயில் வருவதற்கு இது நேர் எதிராக இருப்பதால் எனக்கு நம்பவே ஒரு வாரம் பிடித்தது.

முதல் மூன்று வாரம் கடிகாரம் இந்த மாறுபாட்டைத் தூக்கத்தில் அளந்து ஒரு எண்ணாகக் காட்டினாலும் நல்லதா கெட்டதா என்று சொல்லாது. நம் வழக்கம் என்ன என்று படித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் 34 முதல் 44 மில்லிநொடி வரை உனக்கு இயல்பு என்றது. எனக்கு முகம் தொங்கிப்போனது, ஏனென்றால் சென்னையில் இருக்கும் மச்சான் தன் ஆப்பிள் வாட்சில் 90 என்று படம் அனுப்பியிருந்தார். அவர் ஓடுவதே இல்லை, மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். ஒரு மாதம் கழித்துத்தான் விவரம் தெரிந்தது: ஆப்பிள் காட்டுவது எஸ்டிஎன்என், இடைவெளிகள் எல்லாம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று போடுகிற கணக்கு; கார்மின், ஊரா, ஹூப் போன்ற கம்பெனிகளின் கருவிகள் காட்டுவது ஆர்எம்எஸ்எஸ்டி, அடுத்தடுத்த இடைவெளிகளுக்குள் உள்ள வித்தியாசத்தைப் போடுகிற கணக்கு. கிராமையும் கேரட்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்ட கதை. சரி, ஒரே கணக்கு என்றால் ஒப்பிடலாமா? மனைவிக்கும் அதே கம்பெனியில் ஒரு சின்ன மாடல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு 62. ஓட்டம் என்றால் பஸ் பிடிக்க ஓடுவதுதான் அவளுக்கு. அன்றோடு அடுத்தவர் எண்ணைக் கேட்பதை விட்டேன்.

பட்டறையில் எங்களுக்குத் தராசு விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டுகிற தராசை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், கழித்துக்கொள்ளலாம். ஒரு நேரம் கூட்டி, ஒரு நேரம் குறைத்துக் காட்டுகிற தராசு வாசலுக்கு வெளியே போக வேண்டியதுதான். கடிகாரத்தையும் அப்படித்தான் பார்த்தேன். போலார் எச்10 என்ற, துடிப்பை அளக்கிற நெஞ்சுப் பட்டை ஒன்று வாங்கி (உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் தாறுமாறாகக் காட்டும்) இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பல நாள் பார்த்தேன். தூங்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் போகின்றன. ஓடும்போது கடிகாரம் தராசுத் தகுதியை இழந்துவிடுகிறது. ஒரு நாள் மெதுவாக, பேசிக்கொண்டே ஓடுகிறேன், மணிக்கட்டில் 172, நெஞ்சில் 134. பயந்துபோய் நின்றுவிட்டேன். விஷயம் என்னவென்றால் தோலுக்குள் பச்சை விளக்கை அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற கருவி, கை ஆடுகிற தாளத்தைப் பிடித்துக்கொண்டு என் காலடிகளைத் துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. நிமிடத்துக்கு 172 அடிதான் நான் ஓடுவது! டிசம்பர் விடியற்காலையில் ஏற்காட்டில் ஓடினால் இன்னும் மோசம், குளிரில் கை ரத்தம் உள்வாங்கிவிடுகிறது, கருவிக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் ஓட்டத்துக்கு நெஞ்சுப் பட்டை, ராத்திரிக்குக் கடிகாரம் என்று பிரித்துக்கொண்டேன். கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நிஜமான கேள்வி: இந்த எண்ணைப் பார்த்து ஓட்டம் முன்னேறியதா?

மாதம் ஒரு ஞாயிறு ஒரே மாதிரி ஒரு சோதனை. அடிவாரத்திலிருந்து எட்டாவது வளைவு வரை, நெஞ்சுப் பட்டையில் துடிப்பு 150ஐத் தாண்டாமல், எத்தனை நிமிடம் என்று. தாண்டினால் நடை. முதல் தடவை 71 நிமிடம், பாதி தூரம் நடைதான், சுற்றுலாக் கார்களில் போகிறவர்கள் பாவம் பார்த்தார்கள். 14 மாதத்தில் 62 நிமிடத்துக்கு வந்தது. எனக்கு அது பெரிய விஷயம். காலையில் படுக்கையில் இருக்கும்போதுள்ள துடிப்பும் 61லிருந்து 54க்கு இறங்கியது. எச்ஆர்வி? அப்போது சராசரி 38, இப்போது 39. ஓட்டம் நன்றாக முன்னேறியும் அந்த எண் அசையவே இல்லை. எண் கூடக்கூட வேகமும் கூடும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள், நான் ஏமாந்தேன்.

ஆனால் அந்த எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்று பின்லாந்துக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். 2007ல் கிவினியெமி குழுவும் 2016ல் வெஸ்டெரினென் குழுவும் செய்த ஆய்வுகளின் சாரம் எளிது: காலை எண் உன் வழக்கமான எல்லைக்குள் இருந்தால் இன்றைக்குக் கடினமாக ஓடு, எல்லைக்குக் கீழே போனால் மெதுவாக ஓடு அல்லது ஓய்வெடு. 2016 ஆய்வில் இருந்தவர்கள் நம்மைப் போலப் பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள். அட்டவணைப்படி ஓடியவர்களைவிட, எண்ணைப் பார்த்து ஓடியவர்கள் கடினமான ஓட்டங்களைக் குறைவாகத்தான் செய்தார்கள், 3,000 மீட்டர் ஓட்டத்தில் முன்னேற்றத்துக்குக் குறைவில்லை. நானும் ஐந்து மாதம் அப்படியே செய்தேன். ஒரு நாள் எண்ணைப் பார்த்து ஆடாமல் ஏழு நாள் சராசரியை வைத்து முடிவெடுத்தேன். வாரம் மூன்று முறை வெறி பிடித்து ஓடிக்கொண்டிருந்தவன் ஒன்றரை முறைக்கு இறங்கினேன், வருடா வருடம் மாசியில் வந்து நிற்கிற கணுக்கால் எலும்பு வலி அந்த வருடம் வரவில்லை. எண்ணால் வராமல் போனதா, குறைவாக ஓடியதால் வராமல் போனதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

எண் எனக்குக் காட்டிக்கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் ஓட்டத்துக்கு வெளியே இருந்த விஷயங்கள். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் பட்டறையில் ராத்திரி ஒரு மணி வரை வேலை, ஆர்டர் நெருக்கடி. ஓட்டமே இல்லை, ஓய்வுதானே, எண் ஏறும் என்று பார்த்தால் 27க்குப் போனது. ராத்திரி பதினொரு மணிக்கு பரோட்டா சாப்பிட்டால் மறுநாள் 4, 5 குறையும். தட்டுவடை செட் ஒன்றும் செய்வதில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன், பலமுறை. ஏப்ரல் மாதம் வீட்டுச் சுவரே அனல் கக்கும், அந்த ராத்திரிகளில் தூங்கினாலும் எண் எழுந்திருக்காது. அதே ஏப்ரலில் மூன்று நாள் ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன், 46. குளிரா, பட்டறை போன் எடுக்காமல் இருந்ததா தெரியாது. ஒரு முறை திடீரென்று 22 காட்டியது, உடம்பில் ஒன்றும் இல்லை, கடிகாரம் பழுது என்று திட்டினேன். மறுநாள் மாலை 102 டிகிரி காய்ச்சல்.

இதைக் கேட்டு அதைக் குறிசொல்கிற கிளி என்று நினைத்துவிடாதீர்கள். 24 காட்டிய ஒரு ஞாயிறு, நண்பர்கள் இழுத்துப் போனதால் அரைமனதாக ஓடினேன், அதுவரைக்கும் இல்லாத வேகம். எல்லாம் பச்சையாகக் காட்டிய இன்னொரு நாள் ஆறாவது வளைவில் குரங்குகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். ஏறினால் நல்லது என்பதும் எப்போதும் உண்மையில்லை. மூன்று நாள் தொடர்ந்து அதிகமாக ஓடிய பிறகு 58க்கு எகிறியது, துள்ளிக் குதித்தேன், கால் இரண்டும் ஈயம். அளவுக்கு மீறிய பயிற்சியிலும் சிலருக்கு இப்படி ஏறும் என்று அப்புறம் படித்தேன்.

இதைவிடப் பெரிய தொல்லை மனசு. ஒரு கட்டத்தில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். குறைந்திருந்தால் அன்றைக்கு முழுதும் முகம் சுண்டிப்போய் இருக்கும், பட்டறையில் பையன், "அண்ணா, இன்னைக்கு மார்க் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கேட்பான். ஒரு மாதம் கடிகாரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இப்போது சாயங்காலம்தான் பார்க்கிறேன், எண்ணைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பக்கத்தில் தூக்கம், சாப்பாடு, வெயில் என்று ஒரு வரி.

எழுதி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது சென்ற வருடம் தெரிந்தது. ஒரு சாப்ட்வேர் மாற்றம் வந்தது, ஒரே வாரத்தில் என் சராசரி 4 இறங்கியது. மனைவிக்கும் அதே வாரம் இறங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் உடம்பு கெடுமா என்ன. கணக்குப் போடும் முறையை மாற்றியிருக்கிறார்கள் என்பது என் ஊகம், கம்பெனியில் கேட்டேன், மணிக்கட்டில் இறுக்கமாகக் கட்டுங்கள் என்று பதில் வந்தது. வியாபாரத்தின் நடுவில் தராசை மாற்றிவிட்டு வாடிக்கையாளரிடம் நீங்கள் நேராக நில்லுங்கள் என்று சொன்ன மாதிரி. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள். பேட்டரியும் முன்னே பத்து நாள் வந்தது இப்போது ஐந்து நாள். வார் அறுந்து ஒரு முறை சர்வீசுக்குக் கொடுத்ததில் 26 நாள் காத்திருந்தேன்.

இது உயிரை விட்டால் இன்னொன்று வாங்குவேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நெஞ்சுப் பட்டையும் போனும் போதும், காலையில் எழுந்து மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் அதே மாதிரி ஒரு எண் கிடைக்கிறது, ஓடும்போது துடிப்பும் சரியாக வருகிறது, விலையும் பாதிக்குக் கீழே. மனைவிதான் தன்னுடையதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். எச்ஆர்வி என்ற வார்த்தையே அவளுக்கு ஞாபகம் இல்லை. மிக்ஸி ஓடும்போது போன் வந்தால் மணிக்கட்டு அதிர்கிறதாம், அது போதுமாம்.