பையோடு நீலகிரி ஏற எந்தப் பாதை? கோத்தகிரி, குன்னூர், கல்லட்டி: ஓர் ஒப்பீட்டு அலசல்

நீலகிரிக்குச் சைக்கிளில் ஏற விரும்புபவருக்கு முன்னால் ஐந்து தார்ச்சாலைகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஒன்றும் கோத்தகிரி வழியாக ஒன்றும், காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஒன்றும், மேற்கே கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஒன்றும், வடக்கே மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஒன்றும் உதகைக்குப் போகின்றன. ஒரே நாளில் ஏறி இறங்கும் பயிற்சி ஓட்டத்துக்கு இவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். மாற்றுத்துணி, கம்பளிச் சட்டை, பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாவற்றையும் கேரியரின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகத் தங்கிப் போகிறவருக்குக் கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து நான் கோத்தகிரிச் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இயற்கை அழகை ஒப்பிடுவதில் பயனில்லை, ஐந்தும் அழகானவைதான். கோத்தகிரி, குன்னூர்ப் பாதைகளுக்கிடையே தூரத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரியும் குன்னூரும் ஏறத்தாழ 33, 34 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியும், குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டியும் அமைந்துள்ளன. ஆக இரண்டு பாதைகளிலும் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குச் செங்குத்து உயரம் ஏற வேண்டும். அடிவாரத்துச் சமதரையைக் கழித்துவிட்டால் சராசரி ஏற்றம் இரண்டிலும் ஐந்து சதவீதத்துக்கும் ஆறு சதவீதத்துக்கும் இடையில் வந்து நிற்கும் (நூறு மீட்டர் போவதற்குள் ஐந்து மீட்டர் உயர்ந்தால் அது ஐந்து சதவீத ஏற்றம்). ஏட்டளவில் இரண்டும் சமம் என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

சுமையோடு ஏறுகிறவருக்கு இந்தச் சராசரியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஒரே மெதுவான வேகத்தில், நிற்காமல், மிதிக்கும் தாளம் கெடாமல் மேலே போய்க்கொண்டே இருக்கச் சாலை இடம் கொடுக்கிறதா என்பதுதான் அது. என் எடை 65 கிலோ, சைக்கிள் 14 கிலோ, தண்ணீரோடு சேர்த்துப் பைகள் 16 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 95 கிலோ வருகிறது. பயிற்சி உள்ள சாதாரண மனிதர் மணிக்கணக்கில் களைக்காமல் தரக்கூடிய ஆற்றலை 130 வாட் என்று கொள்ளலாம். இந்த எடையும் ஆற்றலும் ஐந்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வேகத்தைத் தரும். அதே உழைப்பு ஒன்பது சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், பதினைந்து சதவீதத்தில் 3 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். நடந்து போகிறவர் நம்மைக் கடந்துபோகும் வேகம் அது.

கியரைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் முழுப் பொருளும் விளங்கும். இன்று கடைகளில் கிடைக்கும் பல ரோடு சைக்கிள்களில் முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்துக்கு 34 பற்கள். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கும் 34 பற்கள் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரு சுற்று சுற்றி வண்டியை 2.1 மீட்டர் முன்னே தள்ளும். கோத்தகிரிச் சாலையின் ஏற்றத்தில் இது நிமிடத்துக்கு 70 சுற்று என்று வருகிறது, முழங்காலுக்கு இதமான தாளம். ஒன்பது சதவீத ஏற்றத்தில் அதுவே 41 சுற்றாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் உடலின் முழுப் பாரத்தையும் பெடலில் இறக்க வேண்டியிருக்கிறது. கனத்த பைகள் பின்பக்கம் இழுக்க, முன்சக்கரம் லேசாகி இடவலமாக அலையத் தொடங்குகிறது. நேர்கோட்டில் போக முடியாத சைக்கிளுக்குச் சாலையின் அகலம் கூடுதலாகத் தேவைப்படும். மலைப்பாதையில் அந்த அகலம் நமக்குச் சொந்தமில்லை.

நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்புவது இதைவிடக் கடினம். ஏற்றத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கும் சுமை வண்டியில் ஏறி, மறு காலைப் பெடலில் வைப்பதற்குள் வண்டி பின்னோக்கி நகரப் பார்க்கும். பிரேக்கைப் பிடித்தபடியே ஒரு பெடலை உச்சிக்குக் கொண்டுவந்து, பிரேக்கை விடும் அதே நொடியில் அழுத்தி மிதிக்க வேண்டும். ஏழெட்டு முறை இப்படி நின்று கிளம்பினாலே தொடைகள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. ஆகவே எந்தச் சாலை நம்மை அடிக்கடி நிறுத்தும், எது நிறுத்தாது என்பதை வைத்தே நான் பாதைகளை எடைபோடுகிறேன்.

குன்னூர்ச் சாலை இந்தச் சோதனையில்தான் பின்தங்குகிறது. அது தேசிய நெடுஞ்சாலை. அரசுப் பேருந்துகள், சுற்றுலா வேன்கள், தேயிலையும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. கல்லாற்றைத் தாண்டியவுடன் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 14. வளைவின் உட்புறம் எப்போதும் செங்குத்தாக இருப்பதால் சைக்கிள்காரர் வெளிவட்டத்தில் ஏறவே விரும்புவார். ஒரே மூச்சில் திரும்ப முயலும் பேருந்துக்கும் அந்த வெளிவட்டம் வேண்டும். மேலிருந்து பேருந்து முகம் காட்டும்போது, கீழிருந்து ஏறும் லாரி நம் பின்னால் உறுமிக்கொண்டிருந்தால், ஓரமாக இறங்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பர்லியாறு வரைக்கும் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஓட்டுநர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்புகிறவரின் பாடு அவருக்கு.

குன்னூர்ப் பாதைக்குச் சாதகமானவற்றையும் சொல்லியாக வேண்டும். கல்லாற்றுப் பகுதியில் நிழல் நிறைய உண்டு. தேநீர்க்கடைக்கும் பழக்கடைக்கும் பஞ்சமில்லை. உடம்புக்கு முடியாமல் போனால் கைகாட்டி ஏறப் பேருந்து வந்துகொண்டே இருக்கும். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் போடப்பட்ட மலை ரயில் பாதை ஆங்காங்கே கண்ணில் படுவது தனி மகிழ்ச்சி. குன்னூரிலிருந்து உதகைக்கு வெலிங்டன், கேத்தி வழியாக மீதமிருப்பது இருபது கிலோமீட்டருக்கும் குறைவு, ஏற்றமும் மிதமானது. உதகையை ஒரே நாளில் எட்டியே தீர வேண்டும் என்பவருக்கு மொத்த உழைப்பு இந்தப் பாதையில்தான் குறைவு.

கோத்தகிரிச் சாலை மாநில நெடுஞ்சாலை. பவானியைக் கடந்தபின் பிரியும் இந்தச் சாலை, குஞ்சப்பனை, முள்ளூர், தட்டப்பள்ளம், அரவேனு என்று மலையின் விலாவைப் பற்றிக்கொண்டு நீள நீளமாக ஏறுகிறது. குன்னூர்ச் சாலையைப் போல அடுக்கடுக்கான கொண்டை ஊசிகள் இல்லாததால், ஒரு கியரைப் பிடித்தால் நெடுநேரம் மாற்றாமலே மிதிக்க முடிகிறது. பேருந்தும் லாரியும் இங்கேயும் உண்டு. ஆனால் பெரும்பாலான வளைவுகள் அகன்றவை என்பதால் எதிரே வருவது தொலைவிலேயே தெரிந்துவிடும், பின்னால் வருகிறவரும் நம்மைத் தாண்ட ஒரு நேர்ப்பகுதி வரும்வரை பொறுத்துக்கொள்கிறார். நான் இந்த ஏற்றத்தில் நின்றதெல்லாம் தண்ணீர் குடிக்கவும் தேநீர் குடிக்கவும்தான். அரவேனுவை நெருங்கும்போது காற்று குளிர்ந்து தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. அங்கிருந்து கோத்தகிரி சில கிலோமீட்டர்தான்.

இதன் குறைகள் மூன்று. அடிவாரப் பகுதி வறண்ட காடு, காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் தாக்கும், ஆகவே விடியும்போதே மேட்டுப்பாளையத்தை விட்டுவிட வேண்டும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர்ப் பக்கம் யானைகள் சாலையோரத் தோட்டங்களுக்கு வருவது வழக்கம், அந்த மாதங்களில் இருட்டோடு கிளம்பாமல் வெளிச்சம் வந்தபின் ஏறுவதே நல்லது. மூன்றாவது, கோடை சீசனில் உதகைக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடும் ஏற்பாடு. அந்த நாட்களில் மலையிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் கோத்தகிரிச் சாலையில்தான் வரும், அதை எதிர்த்து ஏறுவதை நினைத்தே பார்க்க வேண்டாம். மே மாதம் தவிர வேறு மாதமே கிடையாது என்பவருக்கு என் பரிந்துரை செல்லாது.

கோத்தகிரியிலிருந்து உதகைக்கு இன்னும் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் இருக்கிறது. கட்டபெட்டைத் தாண்டியபின் சாலை உதகையைவிட உயரமான தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி, அதன்பிறகே ஊருக்குள் இறங்குகிறது. இதை அதே நாளில் சேர்த்துக்கொள்வது வீண் பிடிவாதம். கோத்தகிரியில் ஓர் இரவு தங்கிவிட்டால் மறுநாள் காலை இந்தப் பகுதி சுகமான சவாரியாகிவிடும்.

கல்லட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மசினகுடிக்கும் உதகையை ஒட்டிய தலைக்குந்தாவுக்கும் நடுவில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சராசரி ஏற்றம் ஒன்பது சதவீதத்தை ஒட்டியது, சில இடங்களில் அதைவிட மிக அதிகம். குன்னூர் மலை ரயிலின் மிகக் கடுமையான ஏற்றமே 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது எட்டு சதவீதம்தான், அதற்கே பல்சக்கரத் தண்டவாளம் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் கல்லட்டியின் தன்மை புரியும். 2008 முதல் நடந்துவரும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் இந்த ஏற்றம் பெயர்பெற்றது, ஆனால் அங்கே பைகள் வண்டியில் வரும், வீரர்கள் வெறுஞ்சைக்கிளில் ஏறுவார்கள். பையோடு ஏற விரும்பினால் பெடல் பக்கம் மூன்று பல்சக்கரங்கள் கொண்ட, அவற்றில் சிறியதற்கு 24 பற்கள் இருக்கும் அமைப்பு வேண்டும், அப்போதுதான் பெடல் சுற்று நிமிடத்துக்கு அறுபதை நெருங்கும். மசினகுடியை அடையவே முதுமலைப் புலிகள் காப்பகத்தைக் கடக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது, அந்தப் பகுதியைச் சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கடப்பதே அறிவு.

மஞ்சூர்ப் பாதையின் 43 வளைவுகளில் நான் பை இல்லாமல்தான் போயிருக்கிறேன். போக்குவரத்து மிகக் குறைவு, ஆனால் கெத்தைப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம், கடைகள் அரிது. துணை இல்லாமல் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூடலூர்ச் சாலையில் நான் இறங்கியிருக்கிறேனே தவிர ஏறியதில்லை. இறங்கிய அளவில் சொல்வதானால், பைக்காராவிலிருந்து நடுவட்டம் வரை மேடும் பள்ளமுமாகவும், அதற்குக் கீழே சீரான சரிவாகவும் இருக்கிறது. கோத்தகிரியில் ஏறி, உதகையில் தங்கி, கூடலூரில் இறங்குவது சுமை வண்டிக்கு ஏற்ற வட்டம். பருவமழையைப் பார்த்து இதைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும், அப்போது கிழக்குச் சரிவு ஓரளவு காய்ந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத் தாக்கும், 2009 நவம்பரில் நேர்ந்த பெரும் மண்சரிவுகள் இந்தப் பக்கத்தில்தான். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இரு பக்கமும் ஒத்துழைக்கும்.

எந்தப் பாதையில் போனாலும் இரண்டு பாட்டில்களையாவது சைக்கிளிலேயே பொருத்திக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் சமவெளியைப் போலக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போக முடியாது. சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்களில் சில்லறை போட்டு நிரப்பிக்கொள்ளலாம், அதற்குப் பையில் ஐந்து ரூபாய் நாணயங்கள் சிலவற்றை வைத்திருப்பது உதவும்.