கோவில்பட்டி சூப்பர் மார்க்கெட்டில் சுவை மாலை: நல்லெண்ணெய் வென்றது, கடலை மிட்டாய் சறுக்கியது

எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் ஒன்று, பண்டங்களைச் சுவைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று சனிக்கிழமை மாலையில் பொதுமக்களை அழைத்திருந்தது. நிகழ்ச்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. ஆனால் எந்த மேசையில் கவனமாக இருந்திருக்க வேண்டுமோ அந்த மேசையிலேயே தவறிவிட்டார்கள்.

கோவில்பட்டியில் இப்படிப்பட்ட கடைகள் மீதான தயக்கம் இன்று நேற்று வந்ததன்று. மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறவர்களும், 2017 மார்ச்சில் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தபோது அதற்குக் கட்டுப்பட்டவர்களும் வாழும் ஊர் இது. தீப்பெட்டி வேலையில் வாரக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு, கையில் காசில்லாத வியாழக்கிழமையும் அரிசி பருப்பு கொடுத்துப் பற்று நோட்டில் எழுதிக்கொள்ளும் அண்ணாச்சி கடை எவ்வளவு பெரிய துணை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தத் துணைக்கு ஈடாகப் புதிய கடையிடம் எதுவும் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. பாக்குமட்டைத் தட்டுகளும் காகிதக் கோப்பைகளும் வைத்திருந்தார்கள். உள்ளே நுழையக் கைபேசி எண் கேட்கவில்லை. சுவை பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனவர்களையும் பணியாளர்கள் முகம் சுளிக்காமல் அனுப்பினார்கள்.

மாலையின் சிறப்பு நல்லெண்ணெய் மேசைதான். உள்ளூர்ச் செக்கு உரிமையாளர் ஒருவரையே அங்கே நிற்க வைத்திருந்தார்கள். சூடான இட்லித் துண்டின் மேல் மிளகாய்ப் பொடியைத் தூவி, தன் எண்ணெயை ஒரு துண்டிலும் வேறொரு நிறுவனத்தின் பாக்கெட் எண்ணெயை இன்னொரு துண்டிலும் விட்டு, இது எது என்று பெயர் சொல்லியே கொடுத்தார். எனக்கு முன்னால் நின்ற பாட்டி இட்லியைத் தொடவே இல்லை. "கருப்பட்டி போட்டு ஆட்டுனதாய்யா, வெல்லமா?" என்று கேட்டார். "உடன்குடிக் கருப்பட்டி ஆச்சி, வேணும்னா பிண்ணாக்க வாயில போட்டுப் பாருங்க" என்று அவர் ஒரு சிறு டப்பாவைத் திறந்து நீட்டினார். எள்ளின் கசப்பைக் குறைக்கவும், எண்ணெய் பிரிந்து வரவும் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். அதன் தித்திப்பு பிண்ணாக்கிலும் தங்கியிருக்கும். பாட்டி ஒரு துணுக்கை மென்று பார்த்துவிட்டு அரை லிட்டர் வாங்கிக்கொண்டார். கேட்ட கேள்விக்கு ஆட்டியவரே பதில் சொல்ல, ஆதாரத்தையும் கையில் கொடுத்த அந்த மேசை ஒன்றுக்காகவே இந்த நிகழ்ச்சியைப் பாராட்டலாம்.

குதிரைவாலிப் பொங்கல் ஆறிப்போயிருந்தது, உப்பும் குறைவு. காராச்சேவு நன்றாக இருந்தது.

கடலை மிட்டாய் மேசைக்கு வருவோம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் இது. வறுத்துத் தோல் நீக்கிய கடலைப் பருப்பு, வெல்லப்பாகு, மேலே பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தூவிய தேங்காய்ப்பூ என்று, இவ்வூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அடையாளம் தெரியும். அந்த மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று ஊர் மிட்டாய், மற்றொன்று கடையின் சொந்தப் பெயரில் வேறு மாநிலத்தில் தயாராகி வந்தது. இரண்டுக்கும் பெயர்ச்சீட்டு இல்லை. ஊர் மிட்டாய் கடித்த இடத்தில் 'படக்'கென்று உடைந்தது, பாகு பல்லில் ஒட்டவில்லை. மற்றது சற்று இழுத்தது. அலமாரிக்குப் போய் உறையைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானப் பட்டியலில் வெல்லத்தோடு குளுக்கோஸ் சிரப்பும் இருந்தது. எது எங்கே செய்தது என்று கேட்டதற்கு, அங்கே நின்ற இளைஞருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது கடையின் பொறுப்பு. இதற்கு மேல், சொந்தப் பெயர் மிட்டாய்க்கு மட்டும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகை. மிட்டாய் செய்வதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் வாழும் ஊரில், செய்தவர் பெயரை மறைத்துவிட்டு விலையை மட்டும் காட்டுவது நியாயமான ஒப்பீடு ஆகாது. எண்ணெய்க்குச் செய்ததைப் போலவே இதற்கும் ஒரு மிட்டாய்க்காரரை அழைத்து நிறுத்தியிருந்தால், ஊரின் தயக்கம் பாதி கரைந்திருக்கும்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரிசி, பருப்பு எல்லாம் இங்கே பொட்டலம்தான், சில்லறையாக நிறுத்துத் தருவதில்லை. 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டுப் பெயரிட்ட அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தந்தால் அந்த வரி இல்லை. ஆகவே தள்ளுபடி அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், தெருக்கடை விலையையும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. எனக்குத் தெரிந்தவரை நல்லெண்ணெயும் காராச்சேவும் இங்கே வாங்கத் தகுந்தவை. கடலை மிட்டாயை வழக்கமான கடையிலேயே வாங்குங்கள்.

அடுத்த மாதமும் இது நடக்கும் என்கிறார்கள். போகிறவர்கள் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், ஏழு மணிக்கெல்லாம் இட்லி தீர்ந்துவிட்டது. எள்ளோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளை அழைத்துப் போனால் ஒவ்வொரு தட்டையும் கேட்டுவிட்டே கொடுங்கள். அதற்கான எச்சரிக்கை அட்டை எந்த மேசையிலும் இல்லை.