ஹீமோடயாலிசிஸா, சி.ஆர்.ஆர்.டி.யா? திடீர் சிறுநீரகச் செயலிழப்பில் எது, யாருக்கு

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சென்னை ஐ.சி.யு.க்களில் எலிக்காய்ச்சலால் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பார்க்கலாம். டயாலிசிஸ் தேவை என்று முடிவானால், சில மணி நேரத்தில் ரத்தத்தை வேகமாகச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸா, நாள் முழுக்க மெதுவாக ஓடும் சி.ஆர்.ஆர்.டி.யா (தொடர் சிறுநீரக மாற்று சிகிச்சை) என்பதைப் பெரும்பாலும் பி.பி.தான் தீர்மானிக்கும்.

பி.பி. நிலையாக இருந்து, பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டி ஈ.சி.ஜி.யும் மாறியிருந்தால் சாதாரண ஹீமோடயாலிசிஸ்தான் நல்லது. நிமிடத்துக்கு 200–300 மி.லி. ரத்தமும் 500 மி.லி. டயாலிசேட் எனும் சுத்திகரிப்புத் திரவமும் ஓடுவதால் பொட்டாசியம் வேகமாக இறங்கும். மெஷின் தயாராகும்வரை கொடுக்கும் கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்குமே தவிர, பொட்டாசியத்தைக் குறைக்காது. யூரியா மிக அதிகமென்றால் முதல் தடவை 2 மணி நேரம் போதும். அவசரப்பட்டால் மூளை வீங்கி வாந்தி, வலிப்பு வரலாம்.

பி.பி.யைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் மருந்து ஓடும் நோயாளியிடம் 4 மணி நேரத்தில் 3 லிட்டர் நீரை இழுத்தால் பி.பி. சரியும், அடிபட்ட சிறுநீரகத்துக்கு மறுபடி ரத்தம் குறையும். சி.ஆர்.ஆர்.டி.யில் அதே 3 லிட்டர் மணிக்கு 125 மி.லி.யாக, 24 மணி நேரத்தில் வெளியேறும். எஃப்ளுவென்ட் (ஃபில்டரிலிருந்து வெளியேறும் கழிவுத் திரவம்) அளவு கிலோவுக்கு மணிக்கு 20–25 மி.லி.; 60 கிலோ என்றால் 1200–1500 மி.லி.

ஆனால் நர்ஸின் வேலை இதில் பல மடங்கு. மணிக்கணக்கு இன்டேக்–அவுட்புட் தவறக் கூடாது. அக்செஸ் பிரஷர் (நோயாளியிடமிருந்து ரத்தத்தை இழுக்கும் குழாயின் அழுத்தம்) அலாரம் அடித்தால் முதலில் கதீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டம் தடைபட்டால் ஃபில்டர் உறைந்துவிடும். உடல் குளிரும், பாஸ்பேட் குறையும், ஆன்டிபயாடிக்கும் வெளியேறும். ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் ஓடினால், அது கால்சியத்தைப் பிணைப்பதால், அயனைஸ்டு கால்சியத்தை (ரத்தத்தில் பிணையாமல் இருக்கும் கால்சியம்) கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். செலவும் அதிகம்.

சி.ஆர்.ஆர்.டி. வசதி இல்லாத இடத்தில், சாதாரண மெஷினிலேயே 6–12 மணி நேரம் மெதுவாக ஓட்டும் ஸ்லெட் நல்ல மாற்று.