அதே வங்கியில் டாப்-அப்பா, கடனையே வேறு வங்கிக்கு மாற்றுவதா?

வீட்டுக்கடன் பாதி அடைந்துவிட்டது, வீட்டின் மதிப்பும் ஏறியிருக்கிறது, கையில் பணம் வேண்டும். இரண்டு வழி இருக்கிறது: அதே வங்கியில் இப்போதுள்ள வீட்டுக்கடனுக்கு மேல் கூடுதல் கடன் வாங்குவது (டாப்-அப்), அல்லது கடனையே வேறு வங்கிக்கு மாற்றி, கூடுதல் பணத்தை அங்கே வாங்குவது.

வட்டி: டாப்-அப்புக்கு வீட்டுக்கடனைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல். மாற்றினால் பழைய பாக்கிக்கும் சேர்த்துக் குறையலாம். 20 லட்சம், 15 வருடம் பாக்கி என்றால் 9.5%லிருந்து 8.5%க்கு வந்தாலே மாதத் தவணையில் சுமார் 1,190 ரூபாய் மிச்சம்.

செலவு: டாப்-அப்பில் பத்திரம் ஏற்கனவே அவர்களிடம்தான், அதனால் செலவு குறைவு. மாற்றினால் வக்கீல் கருத்து, மதிப்பீடு, பழைய எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) ரத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் புது எம்ஓடி பதிவு என்று நீளும். மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது, அது ரிசர்வ் வங்கி விதி.

அலைச்சல்: டாப்-அப் சீக்கிரம் முடியும். மாற்றும்போது பழைய வங்கி மூலப்பத்திரத்தை இழுத்தடிக்கலாம். கடன் முடிந்து 30 நாளுக்குள் தரவில்லையென்றால், தவறு அவர்களுடையதாக இருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம் என்று அவசரமா, டாப்-அப். பாக்கி பெரிது, வருடங்களும் நிறைய மீதியா, மாற்றுங்கள். அப்புறம், கிளம்புவதற்கு முன் பழைய வங்கியிடமே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், சிறு கட்டணத்தில் பல இடங்களில் செய்துவிடுவார்கள்.