வேலூர்லேர்ந்து முதலை பாக்கப் போன மழை நாள்

மொதல்லயே சொல்லிடறேன், எங்க ஊர்ல கடல் கிடையாது. ஆறு இருக்கு, அதுல தண்ணி கிடையாது. சாமி இல்லாத கோயிலு, ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு வேலூர்க்காரங்க நாங்களே சொல்லி சிரிச்சிக்குவோம், அதுல கோட்டை கோயிலுக்கு 1981ல சாமி திரும்ப வந்துட்டாரு, பாலாறு மட்டும் பெரும்பாலும் அதே மணலுதான்.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல. பையனுக்கு அக்டோபர் ஸ்கூல் லீவுல வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்திருந்தோம், தீபாவளி முடிஞ்ச சனிக்கிழமை மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு போலாம், மத்தியானம் கடலோரமா மீன் சாப்டலாம்னு பிளான். காலைல அஞ்சு மணிக்கு பாத்தா ஊத்து ஊத்துன்னு ஊத்துது. வீட்ல எல்லாரும் "கேன்சல் பண்ணிடுங்க, இந்த மழையில இன்னாத்துக்கு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. வேலூர்ல மழைன்னா அது ஒரு விஐபி மாதிரி, வந்தா எல்லாரும் வேலைய விட்டுட்டு வாசல்ல நின்னு பாப்பாங்க. என் பையன் வருஷம் பூரா மழையிலயே ஸ்கூலுக்கு நடந்து போறவன், அவனுக்கு ஏன் கேன்சல்னே புரியல. மாமாவும் அத்தையும் கூட வர்றேன்னாங்க, ஆயா மட்டும் முட்டி வலின்னு வீட்லயே இருந்துட்டாங்க. டிரைவர் தம்பி வண்டிய கேட்டு வரைக்கும் ஒட்டி நிறுத்தி, ஒரு பெரிய குடையோட எறங்கி வந்து ஒவ்வொருத்தரா ஏத்திக்கினாரு. இத நான் புக் பண்ணல, எந்த ஆப்லயும் இந்த ஆப்ஷன் வரல.

புக்கிங் கதைய இங்கயே சொல்லிடறேன். மொதல்ல ஒரு ஆப்ல வண்டி போட பாத்தேன், எங்கிட்ட இருக்கறது இங்கிலாந்து நம்பர், ஓடிபி வரவே இல்ல. அண்ணன் நம்பர்ல போட்டா ஓடிபி அவருக்கு போவுது, அவர் டூட்டில போன் எடுக்கல. கடைசில அத்தை தெருமுனைல இருக்கற ஸ்டாண்டுக்கு போய் ரெண்டு நிமிஷம் பேசி முடிச்சிட்டு வந்தாங்க, போக வர 300 கிலோமீட்டர் கிட்ட, பேட்டா தனி, டோல் தனி.

ஆற்காடு தாண்டி ராணிப்பேட்டை போற பாலத்துல மாமா கண்ணாடிய எறக்கி இருட்டுலயே ஆத்த எட்டிப் பாத்தாரு, ஒன்னியும் தெரியல. காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம்னு தூங்கிக்கினே போயிட்டோம்.

பண்ணைக்குள்ள மழைனால கூட்டம் கம்மி, எங்களுக்கு அதுவே வரம். முதலைங்க வெயில் காயறதுக்குதான் கரைக்கு வரும், அன்னிக்கு வெயிலே இல்லாததால பாதி தண்ணிக்குள்ள, கண்ணும் மூக்கும் மட்டும் வெளிய, மேல மழை பொட்டு பொட்டுன்னு விழுது, தவளை கத்தற சத்தம் வேற. உப்புத்தண்ணி முதலை ஒன்னு இருக்கு, 16 அடிக்கு மேல, அது முன்னாடி என் பையன் முதல் தடவையா அன்னிக்கு வாய மூடினான். ஒரு குடும்பம் அசையலன்னு கல்ல பொறுக்கி போட பாத்துது, பணியாளர் ஒருத்தர் வெளாசிட்டாரு, நல்லா வேணும்.

மாமா முப்பது வருஷத்துக்கு மேல ராணிப்பேட்டைல டேனரில இருந்தவரு, ஆட்டுத்தோல ரெண்டு வெரலால தடவியே தரம் சொல்லுவாரு. கம்பிய பிடிச்சிக்கினு ரொம்ப நேரம் பாத்துட்டு, "முதுகுல எலும்பு ஓடு, ஒதவாது. வயித்துத் தோலுக்குதான் காசு"ன்னாரு. பையன் அவர ஒரு கொலைகாரர பாக்கற மாதிரி பாத்தான். ஆனா விஷயம் அதுதான், தோலுக்காக புடிச்சி புடிச்சே நம்ம நாட்ல முதலை அழியற நெலமைக்கு வந்துது, அத காப்பாத்தி குஞ்சு பொரிக்க வெக்கதான் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோட மனைவி ஜாயும் 1976ல இந்த எடத்த தொடங்கினாங்க. பாம்புத் தோலும் அதே கதை, 1972ல வனவிலங்கு சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்னதும் பாம்பு புடிச்சி பொழச்ச இருளருங்க கதி இன்னா ஆவுறது, அதுக்குதான் 1978ல அவங்க கூட்டுறவு சங்கம் வந்துது, தோலுக்கு பதிலா விஷம், பாம்புக்கடி மருந்து செய்யறதுக்கு. பாம்பும் சாவாது, ஆளும் பொழைப்பாங்க.

அந்த சங்கம் விஷம் எடுக்கற எடம் பண்ணைக்குள்ளயே இருக்கு, நான் வந்ததே அதுக்குதான்னு சொல்லலாம். வரிசையா மண்பானை, வாய்ல துணி கட்டி, ஒவ்வொன்னுக்குள்ளயும் பாம்பு. நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுதான். ஒருத்தர் வெறுங்கால்ல நின்னு, ஒரு பானைய சாய்ச்சி, கொக்கில கண்ணாடி விரியன வெளிய எடுத்தாரு, அது குக்கர் மாதிரி சீறுது, இவரு மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல. தலைய ரெண்டு வெரலால புடிச்சி கண்ணாடி குப்பி வெளிம்புல பல்ல வெச்சாரு, மஞ்சளா கொஞ்சம் எறங்குச்சி, அவ்ளோதான். ஒரு பாம்ப மூணு நாலு வாரம் வெச்சிருந்து நாலு தடவ எடுப்பாங்களாம், அப்பறம் வயித்து செதில்ல அடையாளம் வெட்டி காட்லயே விட்டுடுவாங்க, திரும்ப மாட்டினா அடையாளத்த பாத்து விட்டுடணும்.

நான் நர்ஸு. நாடு மாறி போறதுக்கு முன்னாடி இங்கதான் எமர்ஜென்சில நைட் டூட்டி. ஜவ்வாது மலை பக்கம், அணைக்கட்டு பக்கம்லாம் கழனில வேலை செய்யறவங்கள கடிச்சி கொண்டாருவாங்க, ஆன்டிவெனம், அதான் விஷமுறிவு மருந்து, பவுடரா இருக்கும், ஒரு பாட்டிலுக்கு 10 மில்லி தண்ணி, குலுக்கக் கூடாது, குலுக்கினா நுரை வந்துடும், உள்ளங்கைல வெச்சி உருட்டி உருட்டிதான் கரைக்கணும், மொத டோஸே எட்டு பத்து பாட்டில். சொந்தக்காரங்க "சீக்கிரம்மா சீக்கிரம்மா"ன்னு கதறுவாங்க, நாம உருட்டிக்கினே நிக்கணும். எத்தன நூறு பாட்டில் உருட்டியிருப்பேன், குதிரைக்கு விஷத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி தயார் பண்றதுன்னு பாடத்துல படிச்சிருக்கேன், அந்த விஷம் எந்த பானைலேர்ந்து வருதுன்னு அன்னிக்குதான் பாத்தேன். விஷம் எடுத்தவர்கிட்ட போய் இத சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரிம்மா"ன்னு கேட்டாரு, வேலூர்னு சொன்னேன், "நல்லதும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பானைய எடுத்தாரு. இந்த வேலையில இருந்த இருளர் ரெண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன், 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

சரி, சாப்பாடு. இங்கதான் அடி. பேர் சொல்ல மாட்டேன், கடல பாத்தாப்புல டேபிள்னு போட்டோ போட்டிருந்த ஒரு ஓட்டலு. போனா சாரல் அடிக்குதுன்னு முன்னாடி பூரா நீல தார்ப்பாய் கட்டியிருக்கு, அலை சத்தம் கேக்குது, கடல் தெரியல. மெனு கார்டு இல்ல, க்யூஆர் கோடுதான், ஸ்கேன் பண்ணா மறுபடி நம்பர், மறுபடி ஓடிபி. நான் போன கீழ வெச்சிட்டேன். அப்ப ஒரு சப்ளையர் தம்பி, "அக்கா, என்ன வேணும், வாயால சொல்லுங்க"ன்னு வந்தாரு. வஞ்சரம்னேன். கொஞ்சம் குனிஞ்சி, "ரெண்டு நாளா போட்டுங்க கடலுக்கு போகலக்கா, எல்லாம் ஐஸ்ல இருந்தது, எறா தொக்கும் சோறும் வாங்கிக்கோங்க"ன்னு மெதுவா சொன்னாரு. தொக்கு அருமை. அத்தை மட்டும் "நம்ம முள்ளு கத்திரிக்கா போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்"னாங்க, எங்க ஊர் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு புவிசார் குறியீடு கெடச்சதுலேர்ந்து அவங்கள புடிக்க முடியல.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தானா ஏறியிருக்கு. அத்தை கண்ணாடிய மாட்டிக்கினு, "இத நீங்களா போடக்கூடாது தம்பி, 2022லயே ஆர்டர் வந்துது, 2025ல தில்லி ஐகோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சி"ன்னு கல்லாவுல நின்னுட்டாங்க. மேனேஜர் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு எடுத்துட்டாரு. அப்பறம் என் கார்டு மெஷின்ல போவல, ஜிபே எங்கிட்ட இல்ல, வெளிய நின்ன டிரைவர் தம்பிதான் தன் போன்ல கட்டினாரு, நான் வீட்டுக்கு வந்து நோட்டா குடுத்தேன். எடுத்த சர்வீஸ் சார்ஜ விட கொஞ்சம் கூடவே அந்த எறா தொக்கு தம்பி கைல அழுத்திட்டு வந்தோம்.

கடல பாக்காம போறதான்னு பையன் மூஞ்சி தொங்கிடுச்சி, தார்ப்பாய்க்கு அந்தாண்ட போய் அஞ்சு நிமிஷம் நனைஞ்சிக்கினே நின்னோம். சாம்பல் கலர், அலை ஆள் ஒயரம், கரைல ஏத்தி வெச்ச போட்டுங்க. மாமா வேட்டிய மடிச்சி கட்டிக்கினு தண்ணில காலு வெச்சாரு, அவ்ளோதான் எங்க பீச்சு.

ராத்திரி பத்து மணிக்கு வீடு. ஆயா தூங்காம திண்ணைலயே ஒக்காந்திருந்தாங்க. பையன் ஓடிப்போய் முதலை, பாம்பு, அலைன்னு கொட்ட ஆரம்பிச்சான், பாதி இங்கிலீஷ்ல. ஆயா அவன் தலைய தொடைச்சி விட்டுக்கினே எங்க பக்கம் திரும்பி, "வர்ற வழில பாலாத்துல தண்ணி போவுதா?"ன்னு கேட்டாங்க.

"முட்டி அளவு போவுதும்மா"ன்னாரு மாமா.